குரலுக்கு மதிப்பெண் இல்லை

வாணியம்பாடியில் டிராமின் கதவு திறக்க வேண்டுமென்றால் அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். நடக்கப் பழகும்போதே குழந்தைகள் இதையும் பழகிவிடும். பதினாறு வயது நவ்ஷாபாவிடம் மட்டும் கதவு அன்றும் "மீண்டும் முயலவும்" என்றது. பிறவியிலேயே பார்வை இல்லாதவளுக்குக் கதவின் கண் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? அம்மா அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

"பரீட்சை முடியற வரைக்குமாவது கோவத்தை அடக்கிக்க, பேட்டா," என்று அம்மா உருதுவில் கெஞ்சினாள்.

சிரிப்பு, பார்வை, நலம் விசாரிப்பு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடும் பழகுமானி அந்தக் காலத்தில் சுவருக்குச் சுவர் இருந்தது. மதிப்பெண் குறைந்தால் வேலை கிடையாது. நவ்ஷாபாவுக்கு வேண்டியது ஒரே வேலைதான். நிலவுச் சுரங்கத்தில் தனியே கிடக்கும் தொழிலாளர்களோடு பூமியிலிருந்து பேசும் குரல்துணை. அங்கிருந்து படம் வராது, குரல் மட்டுமே வரும். அவளுடைய மாமு, அம்மாவின் தம்பி, அங்கேதான் உயிரை மாய்த்துக்கொண்டார். முந்தின நாள் வரை "நல்லாத்தான் இருக்கேன்" என்றார். அப்போதிருந்த குரல்துணை அதை அப்படியே நம்பினார். பதிவைக் கேட்ட மாத்திரத்தில் அந்தச் சொற்களின் இழுப்பிலேயே அது பொய் என்று நவ்ஷாபாவுக்குத் தெரிந்துவிட்டது.

தேர்வறையில் சிற்றம்பலம் என்ற தேர்வாளர் அவள் கையில் ஒரு தகட்டை வைத்தார். அதில் மனித முகங்கள் புடைப்பாக இருந்தன.

"வருத்தமா, கோவமான்னு தடவிப் பாத்துச் சொல்லும்மா."

"தெரியாத ஆள் மூஞ்சிய யாராவது தடவிப் பாப்பாங்களா சார்?"

"பார்வை இல்லாதவங்களுக்குன்னே மாத்தி வச்சிருக்காங்க."

"எங்களைக் கேட்டுட்டா?"

அவர் சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினார். பழகுமானி பேசத் தொடங்கியது. உருதுதான், ஆனால் யார் வீட்டு அடுப்படியிலும் கேட்டிராத உருது.

"விருந்தாளி உணவு வேண்டாம் என்கிறார். என்ன செய்வீர்கள்?"

"தட்டை வச்சுடுவேன். எங்க வீடுகள்ல முதல் தடவையே யாரும் சரின்னு சொல்லமாட்டாங்க."

"தவறு. மறுப்பை மதிக்க வேண்டும்."

நன்றாகக் கேட்பதற்காக அவள் காதைக் குரலின் பக்கம் திருப்பினாள். முகம் வேறு பக்கம் போயிற்று. "பேசுபவரைப் புறக்கணிக்கிறார்," என்று அதற்கும் குறைத்தது இயந்திரம். நவ்ஷாபா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த கேள்வியைச் சிற்றம்பலம் வாசித்தார். சொற்களின் கடைசி எழுத்துகள் தொண்டையிலேயே நின்றன. மூக்கை உறிஞ்சுவதை இருமலில் மறைத்தார். அவள் தகட்டைக் கீழே வைத்தாள்.

"சார், காலையில அழுதீங்களா?"

நாற்காலி கிரீச்சிட்டது.

"ஊகம். தேர்வாளர் உறுதிசெய்யவும்," என்றது பழகுமானி.

தேர்வாளருக்கும் மதிப்பெண் உண்டு. அழுதவர் என்று பதிவானால் அந்த நாற்காலி மறுநாள் வேறொருவருக்குப் போய்விடும்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா," என்றார். "நல்லாத்தான் இருக்கேன்."

மாமு சொன்ன அதே சொற்கள், அதே இழுப்பு.

"ஊகம் தவறு. பிறர் உணர்வை அறியும் திறன், பூஜ்யம்."

"பொய் சொல்றீங்க சார்!" அவள் எழுந்துவிட்டாள். "எங்க மாமுவும் இப்படித்தான் சொன்னாரு. கேட்டவனுக்கு நூத்துக்கு நூறு போட்டீங்க. மாமுவ மண்ணுல போட்டோம்!"

"சினம். தகுதியின்மை உறுதியாகிறது."

வெளியே காத்திருந்த அம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்து நடைவழிக்கு இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் சிற்றம்பலமும் வெளியே வந்தார். எதிரே யாரோ வேகமாக வந்துகொண்டிருந்தார்.

"சிற்றம்பலம் சார், எப்படி இருக்கீங்க?"

"ரொம்ப நல்லாருக்கேன்! நீங்க?"

"பிரமாதம் சார்!"

இரண்டு ஜோடிச் செருப்புகளும் வேகம் குறையாமல் ஒன்றையொன்று தாண்டிப் போனதை நவ்ஷாபா கேட்டாள்.

"அருமையான உரையாடல்," என்றது சுவர். "இருவருக்கும் தலா ஐந்து மதிப்பெண்."