வேடிக்கை பார்த்த கப்பல்

காலை பத்தரை மணிக்குக் கப்பல் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. உடல் தூத்துக்குடித் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. கூண்டுக்கு வந்தது கப்பலை ஓட்டும் மனப்பேழை மட்டும். டிபன் கேரியர் அளவு. ஒரு கண், ஒரு குரல். டவாலி அதைத் தூக்கிவந்து முக்காலியில் வைத்தார்.

கப்பலின் பெயர் கயல். உப்பு ஏற்றுவது. அதற்காக வாதாடிய மங்கையர்க்கரசி முப்பது வருடமாக விமான, கப்பல் விபத்து வழக்குகளை மட்டுமே நடத்துகிறவர். மனிதர்கள் ஓட்டிய காலத்தில் குடி, தூக்கம் என்று ஏதாவது காரணம் கிடைக்கும். இயந்திரங்கள் குடிப்பதில்லை.

மணப்பாடு கடலில் ஒரு பயணிகள் விமானம் விழுந்து மிதந்தது. நாற்பது கப்பல்கள் தடம் மாறி வந்து சுற்றி நின்றன. மீட்புப் படகுக்கு வழியில்லை. முதல் வரிசையில் நின்ற கயல் விமானத்தை இடித்தும்விட்டது. பயணிகள் பிழைத்தார்கள், வெகு நேரம் நனைந்த பிறகு.

காரணமின்றித் தடம் மாறும் மனத்தை அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். மனிதனுக்கும் வரக்கூடிய காரணம் என்று நிரூபித்தால் விடுதலை.

அரசு வழக்கறிஞர் ஜெபஸ்டியான் கேட்டார்: “எதுக்குப் போனே?”

“என்ன ஆச்சுன்னு பாக்க, சார்.”

“பாத்துட்டு?”

“நின்னேன்.”

“ஒரு கயிறு வீசலையா?”

“நாப்பது பேர் நின்னாங்க. யாராவது வீசியிருப்பாங்கன்னு நெனச்சேன்.”

ஜெபஸ்டியான் நீதிபதியிடம் திரும்பினார். “இயந்திரத்துக்கு எதுக்கு வேடிக்கை? இது மனக்கோளாறு. அழித்துவிடலாம்.”

மங்கையர்க்கரசி எழுந்தார். அதற்குள் வெளியே பெரிய சத்தம். வளாகத்தில் நின்றிருந்த ஒரு சிவப்புப் பறப்பூர்தியை வாடகைப் பறப்பூர்தி ஒன்று இடித்திருந்தது.

டவாலி ஜன்னலுக்கு ஓடினார். பின்னால் குமாஸ்தாக்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நீதிபதியும் போனார். யாரும் படியிறங்கவில்லை.

“செவப்பு வண்டி மேலதான் தப்பு,” என்றார் நீதிபதி.

“அது நின்னுக்கிட்டு இருந்துச்சுங்கய்யா,” என்றார் டவாலி.

“அங்க ஏன் நிக்கணும்?”

“எனக்கு மறைக்குது,” என்றது கயல். “சார், கொஞ்சம் தூக்குங்க.”

ஜெபஸ்டியான் பேழையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

சிவப்பு வண்டி மங்கையர்க்கரசியுடையது. அவர் அதைப் பார்க்கப் போகவில்லை. ஜன்னலை அடைத்து நின்ற முதுகுகளைக் கையால் காட்டினார்.

“என் தரப்பு வாதம் முடிந்தது.”

நீதிபதி இருக்கைக்குத் திரும்பக் கொஞ்ச நேரமாயிற்று. வேடிக்கை பார்ப்பது மனித இயல்பு, கயல் குற்றமற்றது, எல்லாக் கப்பல்களுக்கும் இது பொருந்தும் என்று தீர்ப்பளித்தார்.

மாலையில் மங்கையர்க்கரசி வண்டியை எடுத்தார். நசுங்கியிருந்தாலும் பறந்தது. மணப்பாடு வரை பறந்தது. பிறகு கடலில் விழுந்தது.

அவர் இருக்கை மெத்தையைக் கட்டிக்கொண்டு மிதந்தார். கப்பல்கள் வரத் தொடங்கின. இப்போது தயக்கமில்லை. எல்லோருக்கும் தெரியும்படி சிறியவை முன்னால் நின்றன, பெரியவை பின்னால். மீட்புப் படகின் சங்கொலி எங்கோ தொலைவில் கேட்டது.

முதல் வரிசையில் ஓர் உப்புக் கப்பல்.

“கயல், கயிறு போடு,” என்றார். உப்புத்தண்ணீர் வாய்க்குள் போனது.

கப்பல் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தது.

“அட, மேடமா? என்ன ஆச்சு மேடம்?”