துடுப்பு ஓய்ந்த பின்னும்

கம்பியில் ஓர் இழுப்பு வந்தது. மீன் அப்படி இழுக்காது.

இத்தாலியின் கோமோ ஏரியில் ஆகஸ்ட் வெயில் காலையிலேயே மண்டையைப் பிளக்க, ட்ரவுட் மீன்களெல்லாம் குளிர்ச்சி தேடி அடியாழத்துக்கு இறங்கியிருந்தன. ஒரேஸ்தே படகின் பின்னால் நீளமாகச் செப்புக்கம்பியை விட்டு, அதில் தொங்கும் பித்தளைத் தகடுகள் மீனுக்கு இரைபோலக் கீழே மினுக்கி ஆடும்படி விரலால் சுண்டிக்கொண்டிருந்தான். மனைவி இல்தே துடுப்பு வலித்தாள். படகில் பூசிய தார் உருகும் வாசனை, துடுப்பின் கிரீச்சொலி, படகின் விளிம்பில் கம்பி உரசும் முனகல். ஒரு வாரமாக இதே பிழைப்புதான், ஒரு மீன்கூட இல்லை.

"இன்னிக்கும் வெறுங்கையோட போனா படகை வித்துடலாம்னு ஒத்துக்கிட்டீங்க, ஞாபகம் இருக்குல்ல?"

"பேசாம வலிடி."

"ஆமா, நான் பேசுறது மீனுக்குக் கேட்டுடுமாக்கும்!"

விற்க அவனுக்கு மனமில்லை. அது தம்பி நெரியோவின் படகு. ஏப்ரலில் நெரியோ கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரே இழுப்பில் ஏரிக்குள் போனவன்தான், உடல்கூடக் கிடைக்கவில்லை. கம்பியை விரலில் தாங்கலாம், சுற்றக் கூடாது. அந்தக் கரையில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

மறுபடி இழுப்பு. நழுவிவிட்டது. மறுபடி. அதுவும் நழுவிவிட்டது.

"சனியனே!" ஆத்திரத்தில் அவன் கம்பியை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டான்.

அதற்காகவே காத்திருந்ததுபோல் கீழிருந்து உடனே இழுத்தது. குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று.

நெரியோ தகட்டை ஆட்டும் விதம் அது. வேறு யாரும் அப்படி ஆட்டுவதில்லை.

"ஏன்டி படகைப் பின்னால தள்ளுற?"

"நான் எங்கங்க தள்ளுறேன்?"

திரும்பிப் பார்த்தான். இரண்டு துடுப்புகளும் நீருக்கு மேலே. சொட்டிக்கொண்டு.

படகு நகர்ந்தது. பின்பக்கமாக. நடு ஏரியை நோக்கி. அவசரமில்லாமல், அவர்கள் தகடுகளை இழுத்துச் செல்லும் அதே நிதானத்தில்.

"கம்பியை விடுங்க! ஐயோ, விட்டுத் தொலைங்களேன்!"

மறு கையால் சுற்றைப் பிடித்து இழுத்தான். சுற்று அவிழவில்லை. கம்பி சதையில் இறங்கியது. இல்தே அவன் இடுப்பைக் கட்டிப் பின்னால் சாய்ந்தாள். பயனில்லை. மணிக்கட்டு நீரைத் தொட்டது. பிறகு முழங்கை.

சில்லென்ற நீருக்குள், வெயில் பட்ட அவன் கல்யாண மோதிரம் தகடுபோல மினுக்கி மினுக்கி ஆடியது. குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று.