துப்பல் வாளி

இரண்டு கையாலும் தூக்கிவந்து வைத்த வாளி, கிளாஸ்களைக் கழுவி அடுக்கிவிட்டு வந்து பார்த்தபோது வெறுமையாக இருந்தது. கிருசாந்தி அதைச் சரித்துப் பார்த்தாள். அடியில் ஒரு சொட்டு இல்லை. யாராவது கொட்டிக் கழுவியிருந்தால் ஈரமாவது இருக்கவேண்டும். அதுவும் இல்லை. பூனை பால் குடித்துவிட்டுப் போன கிண்ணம் போல அவ்வளவு துப்புரவாக இருந்தது.

அந்த வாளியில் இருந்தது ஒன்றும் கோயில் தீர்த்தமல்ல. நகரத்து ஓரத்தில் மாசி என்ற ஊருக்கு அப்பால், குமியூ பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு நாள்தோறும் சின்னச் சின்ன பஸ்களில் ஆட்கள் வருவார்கள். தோட்டத்து வாசலிலேயே இருக்கும் கடையில் வரிசையாக நின்று, கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு மணந்து, ஒரு வாய் வைனை எடுத்துக் கன்னத்துக்குக் கன்னம் கொப்பளித்து, ஏதோ யோசிப்பவர்கள் போல மேலே பார்த்து, பிறகு வாளிக்குள் துப்புவார்கள். இன்னும் நாலு தோட்டம் போகவேண்டியவர்கள் விழுங்கினால் கதை கந்தல்தான். ஆக, நாள் முழுக்க வந்துபோன அத்தனை பேருடைய எச்சிலும் வைனும் கலந்த அந்த வாளியைப் பின்னாலுள்ள பீப்பாய்க் கொட்டகைக்குக் கொண்டுபோய் வைத்து, கிளாஸ் கழுவி முடிந்ததும் நிலத்தில் இருக்கும் கம்பி மூடிய வாய்க்காலில் ஊற்றுவது கிருசாந்தியின் வேலை. முதல் நாள் வாந்தி எடுத்தாள். இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்வதோடு சரி.

ருசி பார்க்க ஊற்றிக்கொடுக்கும் மஹதி, கைப்பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தாள். தமிழ்நாட்டுப் பிள்ளை.

"மஹதி, வாளியை நீரே ஊத்தினது?"

"ஐயோ, நான் அந்தப் பக்கமே போகல அக்கா. பாத்தாலே குமட்டும். நீங்களே ஊத்திட்டு மறந்திருப்பீங்க. தூங்கி எத்தனை நாளாச்சு உங்களுக்கு?"

அதுவும் சரிதான். விடியப்புறம் ஹென்டர்சனில் முதியோர் இல்லத்து வேலை; படுக்கையில் இருப்பவர்களைப் புரட்டி, துடைத்து, உடுப்பு மாற்றி, முதுகு விட்டுப்போகும். மத்தியானம் இங்கே. மறக்கக்கூடிய உடம்புதான் அவளுடையது. வெறும் வாளியை ஒருதரம் அலசிக் கவிழ்த்துவைத்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

அடுத்த முறையும் வாளி வெறுமையாக இருந்தது.

இந்தத் தடவை அவள் நிலத்தைப் பார்த்தாள். பீப்பாய்களுக்கு நடுவே சிமெந்துத் தரையில் எப்போதும் ஒரு மங்கல் தூசி படிந்திருக்கும். வாளிக்கு முன்னால் அந்தத் தூசியில் இரண்டு வட்டங்கள் துடைபட்டிருந்தன. யாரோ அங்கே முழங்காலில் இருந்திருக்கிறார்கள்.

கொட்டகையின் பின்கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அதற்கு வெளியேதான் வேலையாட்கள் கார் நிறுத்தும் இடம். அங்கே, அவளைக் கூட்டிப்போக வழக்கம்போல நேரத்தோடு வந்து, புருஷன் பிரணவன் காருக்குள் காத்திருந்தான்.

பேயைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. குடிகாரனோடு குடும்பம் நடத்தியவளுக்குப் பேய் எதற்கு?

அவளுடைய புருஷன் குடியை விட்டு இரண்டு வருடமாகிறது. அதற்கு முன்னால் எல்லர்ஸ்லியில் நல்ல வேலை போயிற்று, லைசென்ஸ் போயிற்று, மகள் அபர்ணா தகப்பனைக் கண்டால் அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் காலமும் வந்துபோயிற்று. "இனி ஒருக்கா மணந்தாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிடுவன்," என்று கிருசாந்தி சொன்னது வெறும் பேச்சல்ல. பெட்டி கட்டி வைத்திருந்தாள். பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினான். அன்றிலிருந்து குடிக்கவில்லை. லைசென்ஸ் திரும்பக் கிடைத்து, இப்போது பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அபர்ணாவும் இப்போதுதான் தகப்பனோடு பழையபடி வாயடிக்கிறாள். அவன் பெண்சாதிக்குப் போயும் போயும் வைன் தோட்டத்தில் வேலை கிடைத்ததைச் சொல்லிக் கோயிலில் சிரிக்காதவர்கள் இல்லை. அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

கதவடியில் நின்று அவள் காரைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் அவனுடைய தலை மட்டும் கருப்பாகத் தெரிந்தது. போத்தில் வாங்கினால் பிடிபடுவான். போத்திலும் வேண்டாம், காசும் வேண்டாம், ஒருவருக்கும் தெரியவும் வராது. ஊரார் துப்பியதை மண்டியிட்டு நக்குமளவுக்கா வந்துவிட்டான்? கோபம் வரவில்லை. அவளுக்கு அங்கேயே நிலத்தில் படுத்துவிடலாம் போலிருந்தது.

காரில் ஏறியதும் பெல்ட் மாட்டுகிற சாட்டில் அவன் பக்கம் சாய்ந்து மூச்சை இழுத்தாள். ஏலக்காய் மணந்தது. குடியை விட்ட நாளிலிருந்து அவன் ஏலக்காய் சப்புகிறவன்தான். அதற்குக் கீழே வேறு ஏதாவது மணக்கிறதா என்று பழைய வழக்கப்படி மூக்கு தேடியது. ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னப்பா, சரியா களைச்சுப் போனீர் போல," என்றான் அவன். "தண்ணிப் போத்திலை ஒருக்கா எடும். ஏனெண்டு தெரியேல்லை, ரெண்டு மூண்டு நாளா ஒரே தண்ணி விடாய்."

போத்தில் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தான். உதடு வெடித்திருந்தது.

வீட்டுக்குப் போய் அரிசி வாளிக்குப் பின்னால், கழிவறைத் தொட்டிக்குள், கராஜில் பழைய மெத்தைக்குள் என்று அந்தக் காலத்து ஒளிப்பிடங்கள் எல்லாவற்றையும் தேடினாள். ஒன்றுமில்லை. கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் அபர்ணா கேட்பாள், பெட்டியை மறுபடி கட்டவேண்டும். நாளைக்குக் கேட்கலாம் என்று படுத்தாள். மறுநாளும் அதையேதான் நினைத்தாள்.

ஜூலை மாதம், இந்த நாட்டில் குளிர்காலம். பின்னேரம் கடையைப் பூட்டுவதற்கு முன்பே இருட்டிவிடும். மழை தகரக் கூரையில் ஓயாமல் அரைத்துக்கொண்டிருக்க, ஊறிய மரமும் புளித்த பழமும் ஈரச் சிமெந்தும் கலந்த கொட்டகை மணம் நடைவழி வரைக்கும் வந்து அவள் கிளாஸ் துடைக்கும் துவாயிலும் தலைமயிரிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அன்று நடைவழியில், மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் அவள் முதன்முதலாக அந்தச் சத்தத்தைக் கேட்டாள். நக்குகிற சத்தம். அவசரமில்லாமல், விட்டுவிட்டு, இடையில் மூச்சு வாங்கி. பிறகு ஒரு பெருமூச்சு. முதல் கிளாஸ் உள்ளே போனதும் பிரணவன் விடுகிற அதே பெருமூச்சு. அவளுக்குத் தெரியாததா?

கைப்பிடியில் கை வைத்தாள். திறந்தால் பார்க்கவேண்டும். பார்த்துவிட்டால் பார்க்காததுபோல் இருக்கமுடியாது. கையை எடுத்துவிட்டு, சத்தம் ஓயும் வரைக்கும் சுவரில் சாய்ந்து நின்று அழுதாள்.

மறுநாள் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். நல்ல முடிவென்று சொல்லமுடியாது. களைத்த மனுஷிக்கு வரக்கூடிய முடிவு. திறந்த போத்தில்களில் மிஞ்சியதை வேலையாட்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஒரு கழுவிய கிளாஸில் சிவப்பு வைனை ஊற்றி, கொட்டகைக்குள் கொண்டுபோய், வாளிக்குப் பக்கத்தில் கவிழ்த்த பெட்டியின் மேல் வைத்தாள். பீப்பாய்களுக்குப் பின்னால் வெளிச்சம் எட்டாது. அந்த இருட்டைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இஞ்சேருங்கோ. குடிச்சுத்தான் ஆகவேணுமெண்டா இதைக் குடியுங்கோ. ஊராற்றை எச்சிலைக் குடிக்காதேங்கோ, கும்பிட்டுக் கேக்கிறன். நான் ஒண்டும் கதைக்கமாட்டன். குடிச்சிட்டு வீட்டை வாங்கோ."

யாரோ காதைக் கொடுத்துக் கேட்டதுபோல், கொட்டகைக்குள் மழைச்சத்தம் கொஞ்சம் அடங்கியது.

திரும்பி வந்தபோது கிளாஸ் காலியாக இருந்தது. வாளி அப்படியே நிறைந்து கிடந்தது. கிருசாந்திக்குச் சந்தோஷம் வந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம். என்ன இருந்தாலும் அவள் சொல்லைக் கேட்டிருக்கிறான். அந்தக் கிழமை முழுவதும் வைத்தாள். அப்பாவுக்குப் படைக்கிற நாளில் அம்மா இப்படித்தான் ஒரு கிளாஸில் சாராயம் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, எல்லோரையும் வெளியே நிற்கச் சொல்லுவாள். அந்த நினைவு ஒருநாள் கிளாஸை வைக்கும்போது சும்மா வந்தது. சீ, உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு, என்று தலையை உதறிக்கொண்டாள்.

உயிரோடு இருக்கிற மனுஷன்தான் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு போனான். இரவில் எழும்பிக் குழாயடியில் வாயை வைத்துக் குடித்தான். கன்னம் ஒட்டிவிட்டது. கையைப் பிடித்தால் தோல் காகிதம் போலச் சரசரத்தது. டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்து, சீனி வருத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை என்றார். "டாட் லுக்ஸ் ரியலி சிக், அம்மா," என்றாள் அபர்ணா. குடி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று கிருசாந்தி வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை. மஹதி போய்விட்டாள். மழை விட்டிருந்தது. கடைசிக் கிளாஸைத் துடைத்து வைத்துவிட்டுக் கிருசாந்தி நடைவழிக்கு வந்தாள். கதவுக்கு அப்பால் சத்தம் கேட்டது. இப்போது நக்குகிற சத்தமில்லை. கிளாஸைப் பெட்டிமேல் வைக்கும் சத்தம். தொண்டையைச் செருமும் சத்தம். ஒரு ஆம்பிளை நிதானமாக உலாவுகிற சத்தம்.

போதும், இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அப்போதுதான் நடைவழி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

காருக்குள் விளக்கு எரிந்தது. பிரணவன் உள்ளே இருந்தான். போனை முன்னால் பிடித்துக்கொண்டு அபர்ணாவோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தான். அவள் ஏதோ சொல்ல, வெடித்த உதடு வலிக்குமென்று வாயைப் பொத்திச் சிரித்தான்.

கதவுக்குப் பின்னால் காலடி நடந்துகொண்டே இருந்தது.

அவன் குடிக்கவில்லை. ஒருநாளும் குடிக்கவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டான், அவள்தான் நம்பவில்லை. நெஞ்சு நிறைந்து கண் முட்டியது. ஓடிப்போய் அவன் காலில் விழவேண்டும் போலிருந்தது.

அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது.

அப்படியென்றால் இத்தனை நாளும் அவள் யாருக்கு ஊற்றிவைத்தாள்? வீட்டுக்கு வா என்று யாரைக் கூப்பிட்டாள்?

வெளியே கார்க் கதவு திறந்தது. பிரணவன் இறங்கினான். கையில் போன். மற்றக் கையில் வெறும் தண்ணீர்ப் போத்தில். பின்கதவை நோக்கி நடந்தான்.

"வராதேங்கோ!" கண்ணாடியில் அடித்தாள். அவனுக்குக் கேட்கவில்லை. "உள்ளுக்கை வராதேங்கோ!"

பின்கதவு கிறீச்சிட்டது. "கிருசா, கொஞ்சம் தண்ணி..." என்ற குரல் கொட்டகைக்குள் கேட்டது. பாதியில் நின்றது.

கைப்பிடி வழுக்கியது. துடைத்தாள். திருகினாள். திறந்தது.

ஒரே ஒரு குமிழ் விளக்கு. ஈர மணம். புளிப்பு.

நிலத்தில் ஒருவன் மண்டியிட்டிருந்தான். பின்கதவுப் பக்கம் இருந்து வந்த ஈரச் சப்பாத்துத் தடம் அவன் காலடியில் முடிந்தது. வாளியை இரண்டு கையாலும் தூக்கி முகத்தை உள்ளே விட்டிருந்தான். தொண்டை ஏறி இறங்கியது. முழங்கை எலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது.

அவனுக்கு முன்னால் இன்னொருவன் நின்றான். முதுகு அவள் பக்கம். பிரணவனுடைய அதே நீல ஜாக்கெட். அதே தோள். ஆனால் வற்றாத தோள்.

"இஞ்சேருங்கோ..."

மண்டியிட்டிருந்தவன் திரும்பவில்லை. குடித்துக்கொண்டிருந்தான்.

நின்றவன் திரும்பாமலே, "ஓம், வாறன்," என்றான்.

போன் தரையில் கிடந்தது. அதற்குள்ளிருந்து அபர்ணா கூப்பிட்டாள். "டாட்? ஹலோ? ஐ கான்ட் சீ யூ."

நின்றவன் குனிந்து போனை எடுத்தான். முகத்துக்கு நேரே பிடித்தான். திரை வெளிச்சத்தில் அவன் கன்னத்தின் ஓரம் மட்டும் கிருசாந்திக்குத் தெரிந்தது. ஈரமாக இருந்தது.

"ஓ, தேர் யூ ஆர்," என்றாள் அபர்ணா. ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு, எத்தனையோ நாளைக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரித்தாள். "டாட், யூ லுக் சோ மச் பெட்டர்."

கீழே வாளி முடிந்துவிட்டது. அவன் அதை இன்னும் உயரத் தூக்கி, கவிழ்த்துப் பிடித்து, கடைசிச் சொட்டுக்காக நாக்கை நீட்டிக்கொண்டிருந்தான்.