தம்பிக்கு வார்த்த சீட்டு

காலையிலிருந்து யாரும் உட்காராத சீட்டு சூடாக இருந்தது.

மெக்கானிக் கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தான். பந்தயக் காருக்குச் சீட்டைக் கடையில் வாங்குவதில்லை. ஓட்டுகிறவனை உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் நுரையை ஊற்றி, அவன் உடம்பின் அச்சிலேயே இறுகவிடுவார்கள். இது அவன் தம்பிக்காக வார்த்தது. போன வருடம் இதே ஓடுபாதையில், பயிற்சி ஓட்டத்தில், கடைசி வளைவில் தம்பி போய்விட்டான். கார் அப்பளமாக நொறுங்கியது. சீட்டுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"புதுசா வார்த்துடலாமே சார்?"

"ராசியான சீட்டுப்பா," என்றார் முதலாளி.

யாருக்கு ராசி என்று நினைத்துக்கொண்டே அவன் அதைப் புதுக் காரில் பொருத்தினான். முதலாளி அப்போது தம்பியின் படத்துக்கு மௌன அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தார், புகைப்படக்காரரின் வேண்டுகோளுக்கிணங்க இரண்டாம் முறையாக. படத்தில் தம்பியின் வாய்மேல் விளம்பர ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

முதல் ஓட்டம் முடிந்து இறங்கிய முதலாளியின் மாப்பிள்ளை முகம் சுளித்தார். "இடது தோள்ல அமுக்குது. பின்னால யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு."

"சோபாவா போட முடியும் மாப்பிள்ளை? ஓட்ட ஓட்டப் பழகிடும்."

இரண்டாவது ஓட்டத்தில் பனி இறங்கியது. கருகிய ரப்பர் வாடைக்குள், கண்ணுக்குத் தெரியாத கடைசி வளைவிலிருந்து இன்ஜின் சத்தம் வந்தது. நடுவே சின்னதாக ஒரு விக்கல். வளைவுக்குமுன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதிப்பது தம்பியின் பழக்கம். எத்தனை திட்டியும் விடாத பழக்கம்.

கார் திரும்பி வந்தது. மாப்பிள்ளை இறங்கவில்லை. குறையும் சொல்லவில்லை. அவருடைய இடது தோள் இறங்கியிருந்தது, தம்பிக்கு இருந்ததுபோல.

"பழகிடுச்சு, பாத்தியா!" என்றார் முதலாளி.

மூன்றாவது ஓட்டத்துக்கு பெல்ட்டைச் சரிபார்க்க மெக்கானிக் குனிந்தான். நுரை ஈரமாக இருந்தது. தம்பிக்கு வார்த்த அன்று வந்த அதே நெடி.

மாப்பிள்ளையின் விரல் ஸ்டீயரிங்கை இருமுறை தட்டியது. பெல்ட் தளர்ந்திருந்தால் தம்பி அப்படித்தான் தட்டுவான்.

"அண்ணே."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. அந்தக் குரலுக்காக அம்மா ஒரு வருடமாகத் தம்பியின் செருப்பை வாசலிலிருந்து எடுக்கவிடவில்லை.

"அம்மா சாப்பிடுறாங்களாண்ணே?"

அப்போது இன்னொரு குரல், மாப்பிள்ளையுடையது. முதுகுக்குப் பின்னாலிருந்து, நுரைக்குள்ளிருந்து.

"கழட்டு... மெக்கானிக்... மூச்சு..."

நடுவில் ஒரே பூட்டு. திருகினால் எல்லா பெல்ட்டும் கழன்றுவிடும். அவன் விரல் அதன்மேல்தான் இருந்தது.

"இறுக்குண்ணே. என்னை மறுபடி விட்டுடாத."

இரண்டு மூச்சு. ஒரு ஹெல்மெட்.

விரல் பூட்டைவிட்டு நகர்ந்தது. பட்டையைப் பிடித்தான். அழுதான். இழுத்தான். இன்னும் இழுத்தான்.

ஒரு மூச்சு.

பின்னால் முதலாளி கைதட்டினார். தோளோரம் நுரையில், உள்ளிருந்து ஐந்து விரல்கள் புடைத்தன. அப்படியே இறுகின.