கேசட்டின் இரண்டாம் பக்கம்

பெட்டியைப் பிரித்ததும் ஈர மண் வாசனை அடித்தது. ஷார்ஜாவில் ஏறி, கப்பலில் ஐம்பது நாள் கிடந்து, கும்மிடிப்பூண்டி வரை வந்த அட்டைப்பெட்டியில் சோப்பு வாசனை அடிக்கலாம், சென்ட் வாசனை அடிக்கலாம்; மழையில் ஊறிய களிமண்ணுக்கு அங்கே என்ன வேலை? பிரின்சி சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். பால்பவுடர், பாதாம், தைலம், மாமியார் கன்னியம்மாவுக்கு ஒரு போர்வை, கேசட்டோடு ஒரு பழைய டேப் ரெக்கார்டர். அடியில் ஒரு கைப்பிடிக் கறுப்பு மண். முறத்தில் வாரிக் கொட்டிவிட்டுப் பெட்டியைச் சுவரோரம் தள்ளினாள்.

அனுப்பியவன் அவள் புருஷன் ஜெரால்ட். பெட்டி வந்து சேருவதற்குள் அவன் விமானத்தில் வந்து, மண்ணுக்குள் போய், நாற்பதாம் நாள் ஜெபமும் முடிந்துவிட்டது.

ரிஜ்வான் போன் செய்தான். பழவேற்காட்டுக்காரன், ஜெரால்டோடு ஒரே அறையில் இருந்தவன்.

"அண்ணி, பொட்டி வந்துச்சா? பழைய டேப் ரெக்கார்டர் ஒண்ணு இருக்கும் பாருங்க."

"இருக்குதுப்பா. இன்னாத்துக்கு இத வாங்குனாரு?"

"அன்னிக்கு லீவு. நானு, மணிகண்டன், அண்ணன் மூணு பேரும் பழைய சாமான் சந்தைக்குப் போயிருந்தோம். பித்தள கூஜா, ஒடஞ்ச கிராமபோன், இன்னா இன்னாவோ கெடந்துச்சு. அண்ணன் இதக் கையில எடுத்துக்கினு வுடவே இல்ல. அப்பறம் பார்க்குல குந்திக்கினு பாடிப் பாடி ரெக்கார்டு பண்ணோம். மொத பக்கம் மட்டுந்தான். ரெண்டாவது பக்கம் காலியா இருக்கட்டும், பிரின்சி பாடி அனுப்பட்டும்னாரு. சாயந்தரமே பொட்டியக் கட்டிக் கார்கோக்காரன் கையில குடுத்துட்டோம். பேட்டரி செல்லு மட்டும் கழட்டிட்டோம், கப்பல்ல ஏத்த மாட்டான். அன்னிக்கு ராத்திரி படுத்தவருதான் அண்ணி..."

பிரின்சி போனை வைத்தாள்.

மாமியார் சிப்காட் கேன்டீன் வேலைக்குப் போயிருந்தாள். வெளியே காலையிலிருந்து விடாத மழை, மதியமே சாயந்தரம் மாதிரி இருட்டு, வழக்கம்போலக் கரண்ட் இல்லை. பிரின்சி ஹால் கடிகாரத்திலும் ரூம் கடிகாரத்திலும் இருந்த செல்களைக் கழற்றி ரெக்கார்டரில் போட்டாள். வீட்டில் இரண்டு கடிகாரமும் நின்றன.

முதல் பக்கத்தில் பார்க் இரைச்சல், மணிகண்டன் தகரத் தட்டில் போட்ட தாளம், ரிஜ்வானின் மவுத் ஆர்கன், நடுவில் ஜெரால்டின் கட்டைக் குரல். கிறிஸ்துமஸ் பவனியில் வீடு வீடாகப் பாடுகிற பாட்டை ஒரு வரி விடாமல் தப்பாகப் பாடினான். தப்பாகப் பாடிவிட்டு அவனே சிரித்தான். பிரின்சியும் சிரித்தாள். ஐம்பது நாளுக்குப் பிறகு சிரித்த சிரிப்பு. அது முடியும்போது அழுகையாகிவிட்டது.

ஷார்ஜா போவதற்கு முன்பு ஜெரால்ட் இங்கேயே ரோலிங் மில்லில் இருந்தான். வலது ஆள்காட்டி விரலில் பாதியை அந்த மில்தான் தின்றது. ஷிப்ட் சங்கு ஊதிக் கால் மணி நேரத்தில் கதவு தட்டுவான். டொக் டொக். சற்று விட்டு, டொக். "நான்தான்." அவன்தான் என்று தெரிந்தும் தினமும் சொல்வான்.

அந்த முகத்தைக் கடைசியாக அவள் பார்க்கவில்லை. ஆணி அடித்து வந்த சவப்பெட்டியைத் திறக்கச் சொல்லி மாமியார் தரையில் புரண்டு அழுதாள். பிரின்சிதான் வேண்டாம் என்றாள். சிரித்த முகம் மனதில் இருக்கட்டும் என்று நினைத்தாள். பயமும் இருந்தது. பயம்தான் அதிகம். புதைத்த அன்றிலிருந்து ஒரு நாளும் அவள் முழுதாகத் தூங்கவில்லை.

கேசட்டைத் திருப்பிப் போட்டாள். பாடத்தான் வேண்டும், அவன் கேட்டானே. காலியாக இருக்கிறதா என்று முதலில் ஓடவிட்டுப் பார்த்தாள்.

காலியாக இல்லை.

ஒரு நீண்ட இரைச்சல். விமானம் மாதிரி. பிறகு ஆம்புலன்ஸ் கதவு சாத்துகிற சத்தம். பிறகு மழை. இந்த ஊர் மழை. பலகைக்கு அப்பால் இருந்து கேட்பது போல எல்லாமே மங்கலாக. பாஸ்டர் ஜோஷ்வா ஜெபம் செய்கிறார். கன்னியம்மா கதறுகிறாள்: "ஒரு தபா தொறங்கடா, எம் புள்ள மூஞ்சியப் பாக்கணும்டா!"

அதற்குப் பதில் சொல்லும் குரலைப் பிரின்சி அறிவாள். அவளுடைய குரல்.

"வேணாம். தொறக்காதீங்க."

மிக அருகில், பலகைக்கு இந்தப் பக்கம், யாரோ மூச்சை இழுத்தார்கள்.

பிறகு மண். ஒரு கூடை. இன்னொரு கூடை. அழுகை தூரமாகப் போனது. ஜெபம் தூரமாகப் போனது. மழையும் போனது. மூச்சுச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

டொக் டொக்.

டொக்.

அவள் செல்களைப் பிடுங்கினாள். கேசட் நின்றது.

தூரத்தில் ஷிப்ட் சங்கு ஊதியது.

டொக் டொக். டொக்.

"இரு, தொறக்குறேன்!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். தெருவில் மழை மட்டும். தட்டும் சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால் கேட்டது. சுவரோரத்தில்.

பெட்டி.

காலி செய்த பெட்டி. இப்போது விளிம்பு வரை கறுப்பு மண். அட்டை நனைந்து தரையெல்லாம் ஈரம்.

பிரின்சி மண்டியிட்டாள். இரண்டு கையாலும் தோண்டினாள். முழங்கை வரை போனது. அரை ஆள் உயரம்கூட இல்லாத பெட்டியில் தோள் வரை போனது, அடி தட்டவில்லை. கன்னம் மண்ணில் அழுந்தியது. வாயில் மண்.

"இன்னும் கொஞ்சம்... இதோ... தொறந்துட்டேன்..."

அடியில் ஒரு கை அவள் கையைப் பிடித்தது. சில்லென்று இருந்தது. ஒவ்வொரு விரலாக இறுகியது. ஆள்காட்டி விரல் மட்டும் பாதியாக இருந்தது.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது இழுத்தது.