காய்ந்த அச்சு

குடிவந்த மறுநாள் காலை அன்புக்கரசி கூடத்தில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கை தவறிக் கொட்டிவிட்டாள். துணி எடுத்துக்கொண்டு அவள் திரும்பி வருவதற்குள் தரையில் தண்ணீர் இல்லை. ஈரத்தடம்கூட இல்லை. சுவரோரமாக மட்டும், இளநீரின் கடைசி வாயை யாரோ ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதுபோல ஒரு சத்தம் கேட்டு அடங்கியது. துடைக்கிற வேலை மிச்சம் என்று அன்புக்கரசி சந்தோஷமாக அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கோதண்டபாணி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். முப்பது வருஷமாகப் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை செய்கிறவர். எது தண்ணீர் குடிக்கும், எது குடிக்காது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிமெண்டுச் சுவர் இப்படிக் குடிக்காது.

ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. பதினோரு மாதம் கழித்து நேற்றுத்தான் பெண்டாட்டி திரும்பி வந்திருக்கிறாள். அதற்கு முன் அவர்கள் குடியிருந்தது ஊரை விட்டு வெகுதூரம் தள்ளி, கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில், எழில் நகர் என்று வளைவு வைத்த மனைப்பிரிவில். வளைவு பெரியது. உள்ளே வீடு நான்கு, நாய் பதினேழு. கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கினால் வீடு வந்து சேர்வதற்குள் அது தயிராகியிருக்கும். ஒருநாள் வாஷிங் மெஷினில் துணியோடு துணியாக ஒரு சாரைப்பாம்பும் சுற்றி, அலசி, பிழிந்து வெளியே வந்தது. கோதண்டபாணியின் பனியனைவிட வெளுப்பாக வந்தது என்பார்கள். அன்றைக்கே அன்புக்கரசி பெண்ணாடத்துக்குப் பஸ் ஏறி அம்மா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். டவுனுக்கு நடுவில், மனிதர் முகம் தெரிகிற தெருவில் வீடு பார்த்தால் போன் பண்ணலாம், இல்லாவிட்டால் போனே வேண்டாம் என்பது அவள் உத்தரவு. பதினோரு மாதம் கோதண்டபாணி தான் வைத்த ரசத்தைத் தானே குடித்தார். மனிதனை அதற்குமேல் தண்டிக்க முடியாது.

பிறகுதான் விருத்தாசலம் ஜங்ஷனுக்கு நடந்துபோகிற தூரத்தில் ராஜமாணிக்கத்தின் வீடு கிடைத்தது. ராஜமாணிக்கம் ஒரு காலத்தில் பொம்மைக் கம்பெனி நடத்தி மூடியவர். அந்தத் தெருவில் வீடுகள் எல்லாம் அவர் கட்டி வாடகைக்கு விட்டவை. மாவு மில் நாலு வீடு தள்ளி, டீக்கடை எதிரில், ரயில் அறிவிப்பு சாப்பிடுகிற இடத்துக்கே கேட்கும். அன்புக்கரசிக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி ஆகிவிட்டது அந்தத் தெரு.

வீடும் அப்படித்தான். வாசற்படியில் கால் வைத்தால் கோதண்டபாணியின் பாதத்துக்கென்றே தேய்ந்த மாதிரி ஒரு பள்ளம். இருட்டில் கை நீட்டினால் கை போன இடத்தில் சுவிட்சு. கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகு ஒரு குழிவுக்குள் மெத்தென்று போய்ப் பொருந்தியது. அவருக்கு இடது தோளுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கொழுப்புக்கட்டி. சுவரில் அதற்கும் இடம் இருந்தது.

அது அவருக்குப் பிடிக்கவில்லை. எழுந்தால் இன்னும் பிடிக்கவில்லை. சுவர் அவரை விடுகிறபோது சேற்றிலிருந்து காலை உருவுகிற சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால் வெள்ளைச் சுவரில் அவர் முதுகு மயிர் நாலைந்து நட்டுக்கொண்டு நின்றது; சுற்றிலும் சோற்றுப்பருக்கையின் தோல்போல மெல்லிய சவ்வு. தொட்டார். அவர் தோல்தான். அது மெள்ள மெள்ளச் சுவருக்குள் போனது.

நாற்றம் இரண்டாம் வாரம் தொடங்கியது. கம்பெனியில் தொட்டியடியில் மாதக்கணக்கில் தங்கிய மண்கூழுக்கு ஒரு நாற்றம் உண்டு. கூழ்முட்டையும் ஊறிய கோணிச்சாக்கும் கலந்த மாதிரி. அந்த நாற்றம் சுவரிலிருந்து வந்தது, சோற்றில் வந்தது, அன்புக்கரசியின் தலைமுடியில் வந்தது. அக்கினி நட்சத்திர வெயிலில் ஊரே குளித்த மாதிரி வியர்த்துக்கொண்டிருக்க, அவர்கள் இருவருக்கும் ஒரு பொட்டு வியர்வை இல்லை. குடம் குடமாகக் குடித்தும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. காலையில் உதட்டைத் துடைத்தால் வெள்ளையாகப் பொடி வந்தது. நரநரவென்றிருந்தது. வேலை செய்கிற இடத்தில் தின்னாத மண்ணை வீட்டில் தின்கிறோமே என்று நினைத்து, கோதண்டபாணி வாசலுக்குப் போய்த் துப்பினார். துப்ப எச்சில் இல்லை.

அன்புக்கரசிக்கோ கன்னத்திலிருந்த அம்மைத் தழும்புகள் ஒவ்வொன்றாக மூடி, முகம் வழவழவென்று ஆகிக்கொண்டு வந்தது. டவுன் தண்ணீர் ஒத்துக்கொண்டது என்றாள். படுத்தால் சுவரில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டுதான் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பக்கத்து வீட்டு உபகாரமேரி ஒரு கிண்ணத்தில் மீன்குழம்பு கொண்டுவந்தாள். கிண்ணத்தை நீட்டிக்கொண்டே விசாரித்தாள்.

"வூடு ஒத்துப்போச்சாண்ணே?"

"நாத்தம்தான் தாங்கல மேரி."

"அது புதுசுல இருக்கும். நமக்குள்ள இருக்குறது போயிட்டா தெரியாது."

அப்போது அவள் கையில் ஒரு கொசு உட்கார்ந்தது. மற்றக் கையால் அடித்தாள். கிண்ணென்று சத்தம் வந்தது. கிண்ணமோ கோதண்டபாணியின் கையில் இருந்தது.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். காதுக்குப் பின்னாலிருந்து தாடை ஓரமாகக் கழுத்துக்கு இறங்கியது ஒரு கோடு. நூலளவு. சீராகச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்த கோடு. பொம்மை அச்சு இரண்டு பாதியாக இருக்கும். பாதியும் பாதியும் சேருகிற இடத்தில் பொம்மையின் மேல் இப்படி ஒரு கோடு விழும். ஒரு லட்சம் பொம்மைக்காவது அதை அவர் கத்தியால் சீவியிருப்பார். உபகாரமேரிக்குச் சீவியவன் கொஞ்சம் அவசரக்காரன் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

மீன்குழம்பை அவர் சாக்கடையில் கொட்டினார். அடியில் ஒரு விரற்கடை வெள்ளை வண்டல்.

வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டார். ராஜமாணிக்கம் ஒளிக்கவே இல்லை. கம்பெனியை மூடியபோது மலையாகக் கிடந்த பழைய பிளாஸ்டர் அச்சுகளைக் கொட்ட மனசு வராமல், செங்கல்லுக்குப் பதிலாக வைத்துக் கட்டி மேலே சுண்ணாம்பு பூசிவிட்டாராம். வெயிலுக்குக் குளுகுளுவென்று இருக்குமாம். கொஞ்சம் ஈரம் கோத்துக்கொள்ளும், அவ்வளவுதான் என்று சிரித்தார். வாயைத் திறந்து சிரித்தபோது உள்ளே நாக்கு தெரியவில்லை. இருட்டாக இருந்தது.

ஈரம்தானே என்று கோதண்டபாணி பிடித்துக்கொண்டார். மற்றதை நினைக்க அவருக்கு இஷ்டமில்லை. கம்பெனியில் மழைக்காலத்தில் ஊறிப்போன அச்சுகளைக் காயவைக்கிற பெரிய ஹாலஜன் விளக்கை இரவல் வாங்கி வந்தார். கூடத்துச் சுவருக்கு எதிரில் அதை நிறுத்தி, டேபிள் ஃபேனைச் சாய்த்து வைத்து, மூன்று நாள் விடாமல் ஓட்டினார். அச்சைக் காயவைப்பதில் விருத்தாசலத்தில் அவருக்குமேல் ஆள் கிடையாது. சுவர் முதலில் புகைந்தது. பிறகு மஞ்சளாகச் சீழ் மாதிரி எதையோ கசியவிட்டது. அன்புக்கரசி மூக்கைப் பொத்திக்கொண்டு அதை வழித்து வழித்து வாளியில் போட்டாள். அதில் மயிர் இருந்தது. மூன்றாம் நாள் சுவர் எலும்பாகக் காய்ந்தது. நாற்றம் போனது. அன்புக்கரசி அவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். பதினோரு மாதப் பிரிவுக்கும் பதினைந்து வருஷக் கல்யாணத்துக்கும் சேர்த்துக் கிடைத்த பரிசு அது.

அந்தச் சூட்டில், அவள் கன்னத்தை ஒட்டிப் படுக்கிற தலைமாட்டுச் சுவரில் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. உள்ளே இருந்த அச்சை அவர் பார்த்தார். பிள்ளையார் அச்சு இல்லை, கிளி அச்சு இல்லை. ஆள் அளவு. ஒரு கன்னம், உள்ளே குழிந்து. அம்மைத் தழும்பு இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் புள்ளி புள்ளியாக மேடு. ஒரு காது. காதில், அன்புக்கரசிக்குப் பெண்ணாடத்து ஆசாரி செய்த அதே தோட்டின் பூ.

அப்போதுதான் தன் தொழிலின் முதல் பாடம் அவருக்கு நினைவுக்கு வந்தது. ஊறிய அச்சு மண்ணைப் பிடிக்காது. அதனால்தானே காயவைக்கிறோம். காய்ந்த அச்சில் மண்கூழை ஊற்றினால் தண்ணீரை வெறிகொண்டு குடிக்கும். குடிக்கக் குடிக்க ஓரத்தில் தோல் கட்டும். தோல் கட்டியதும் அச்சைச் சாய்த்து நடுவிலிருக்கும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். நிற்பது தோல் மட்டும். பொம்மை என்பது அதுதான்.

கிளம்பு, இப்போதே எழில் நகருக்குப் போகலாம் என்று அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். கை பாரமாக, சில்லென்று, பிசைந்த மைதா மாதிரி இருந்தது. அவர் விரல் பட்ட இடத்தில் நாலு பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. அன்புக்கரசி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அந்தப் பாம்பு நகருக்கு நீங்க வேணா போங்க. எனக்கு இந்த வூடு ஒத்துப்போச்சு. இனிமே பெண்ணாடம்கூட போவமாட்டேன்."

கடைசி வார்த்தையில்தான் அவர் தோற்றார். ரசம் நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை வரைக்கும் பார்ப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சட்டையை மாட்டி வேலைக்குப் போனார். அன்று வியாழன்.

வெள்ளிக்கிழமை கரண்டு இல்லையென்று கம்பெனியில் பாதி நாளில் அனுப்பிவிட்டார்கள். உச்சி வெயிலில் தெரு வெள்ளையாகக் கிடந்தது. மாவு மில் ஓடவில்லை. எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் சுவரில் சாய்ந்து, வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். மதியத் தூக்கம் என்று வைத்துக்கொண்டார். ஒருவரும் குறட்டை விடவில்லை. ஒருவர் மார்பும் ஏறி இறங்கவில்லை.

வீட்டில் குளியலறைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. குளக். குளக். குளக்.

அவருக்குத் தெரிந்த சத்தம். அச்சைச் சாய்த்துக் கூழைக் கவிழ்க்கையில் ஒரு நாளைக்கு இருநூறு முறை அவரே எழுப்புகிற சத்தம்.

அன்புக்கரசி சாக்கடைத் துளைக்கு நேராகக் குனிந்து நின்றாள். வாயிலிருந்து அது இறங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறம். தடிப்பாக, அறுபடாமல், கயிறு மாதிரி. நடுநடுவே சிவப்பு. கருப்பாக ஒரு துண்டு. ஒரு பல். துளையருகில் நுரைத்துச் சுழன்று, போக மாட்டாமல் போக மாட்டாமல் போனது. அந்தப் பழைய கூழ் நாற்றம் முகத்தில் அறைந்தது. அவர் வயிற்றுக்குள்ளும் கூழ் மாதிரி ஏதோ கனமாக ஆடி, திரும்பி வந்து மோதியது.

கயிறு மெலிந்தது. நூலானது. சொட்டானது. அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, உதறாமல், கடைசிச் சொட்டுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தாள். உதறினால் பொம்மை கோணிவிடும். அதை அவளுக்கு யார் சொன்னார்கள்?

நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்புட்டுதாங்க. லேசா இருக்குது."

குரல் குடத்துக்குள்ளிருந்து வருகிறமாதிரி வந்தது. கூடத்துக்கு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள். அவருடைய மதியச் சாப்பாட்டுப் பையிலிருந்து பொம்மை சீவுகிற சின்னக் கத்தியையும் பஞ்சையும் எடுத்து அவர் கையில் வைத்தாள். காதுக்குப் பின்னாலிருந்து தாடை, கழுத்து, ரவிக்கைக்குள் வரைக்கும் அந்தக் கோடு. தடிப்பாக. சீவாமல்.

"மேரிக்கு எவனோ பிசுறு பிசுறா சீவி வெச்சிருக்கான். நீங்க நல்லா சீவுவீங்க."

கத்தியைப் போட்டுவிட்டு ஓடலாம். வாசல் பத்தடி. ஓடினால் இவள் இல்லை.

சீவினார்.

சுருள் சுருளாக வந்தது. வெதுவெதுப்பாக. ஒவ்வொரு சுருளிலும் பூனைமயிர். ரத்தம் இல்லை. சுருள் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. உதறினார். போகவில்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒற்றினார். கை நடுங்கவில்லை, அதுதான் அவருக்கு அருவருப்பாக இருந்தது. நல்ல வேலை. கோடே தெரியவில்லை. முடித்ததும், பழக்கதோஷம், விரல் முட்டியால் அவள் தோளில் ஒரு தட்டு. விரிசல் இருந்தால் செத்த சத்தம் வரும்.

கிண்ண்ண்.

விரிசல் இல்லை.

அன்புக்கரசி சிரித்தாள். பிறகு தன் விரலை மடக்கி அவர் நெஞ்சில் தட்டினாள். தொப்பென்றது.

"நீங்க இன்னும் ரொம்பி இருக்கீங்க. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். முதுகு போய்ப் பொருந்தியது. கட்டி அதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. காய்ந்த சுவர். எலும்பாகக் காய்ந்த சுவர். அவரே காயவைத்தது. அது அவர் முதுகை வாயில் வாங்கிக்கொண்டு இழுத்தது. நாக்கு சுருங்கியது. கண்ணில் ஈரம் போனது. இமையை மூடப் பார்த்தார். வரவில்லை.

எதிரே அன்புக்கரசி வாயைக் கொஞ்சம் திறந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கும் போகவில்லை. திருப்பிக் கொடுக்காமல் கிடந்த மீன்குழம்புக் கிண்ணத்திலிருந்து ஒரு கட்டெறும்பு புறப்பட்டு, அவள் மடியில் ஏறி, கழுத்தில் ஏறி, உதட்டைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அவள் வாயை மூடவில்லை. அந்த உச்சி வெயிலில், எந்தச் சத்தமும் இல்லாத தெருவில், அது அவளுக்குள் இறங்கி நடக்கிற சத்தம் ஒவ்வொரு காலாக அவருக்குக் கேட்டது.