கழுவாத பஞ்சு

காலையில் தொட்டியில் தூவிய மீன் தீவனம் மத்தியானத்துக்குள் காணாமல் போயிருந்தது. தொட்டியில் இன்னும் மீனே விடவில்லை.

முதல் தடவை வாங்கிய மீன்கள் ஒரே வாரத்தில் செத்து மிதந்து, மகள் சாப்பிடாமல் அழுததிலிருந்து அம்மாக்காரி தினமும் தொட்டித் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தாள். புதுத் தண்ணீரில் கழிவெல்லாம் அமோனியாவாகி மீனைக் கொன்றுவிடும், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் முதலில் வளரட்டும், அதுவரை தீவனத்தைப் போட்டு அழுகவிடுங்கள் என்று மீன் கடைக்காரர் பாடம் நடத்தியிருந்தார். சோதனைக் குப்பியில் தண்ணீர் பச்சையானால் விஷம். மஞ்சளானால் தொட்டி தயார்.

சீக்கிரம் ஆக வேண்டுமென்றால் பழைய தொட்டி ஒன்றின் ஃபில்டர் பஞ்சைக் கேட்டு வாங்கிப் போடச் சொன்னதும் அவர்தான். கீழ்வீட்டு டிரைவர் கொடுத்தார். அவர் தொட்டியிலும் மீன் இல்லை, மோட்டார் மட்டும் ஓடியது. மீனெல்லாம் எப்போதோ போய்விட்டது, நிறுத்த மனசு வரவில்லை என்றார்.

“கழுவிடாதீங்க. உள்ள இருக்கறது செத்துரும்” என்று சொல்லித்தான் பஞ்சை அவள் கையில் கொடுத்தார்.

இப்போது தீவனம் காணாமல் போனதைச் சொல்லக் கடைக்காரருக்குப் போன் செய்தாள். பஞ்சு வந்த கதையைக் கேட்டதும் அவர் குரலில் இருந்த கிண்டல் போய்விட்டது.

“மீன் இல்லாத தொட்டியில அது பட்டினி கிடந்தே செத்திருக்கணுமே. அவர் எதைப் போட்டு வளர்த்தாரு?”

கீழ்வீட்டு நாய் குரைத்துக் கேட்டு வெகுநாளாயிற்று என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பஞ்சைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான். பள்ளி விட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு, அப்படியே மீனும் வாங்கி வருவதாகக் கணவன் சொல்லியிருந்தான். போனைச் சமையலறையில் வைத்துவிட்டுத் தொட்டி இருந்த பின்னறைக்குள் போனாள். கதவு அவள் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே மழை பிடித்திருந்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, சுவரெல்லாம் கசிந்து, ஈரச் சாக்கைப் போல ஒரு வாடை தொண்டைவரை இறங்கியது. பழக்கதோஷத்தில் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டுகளை விட்டுக் குலுக்கி மேசைமேல் வைத்தாள். பிறகு தொட்டிக்குள் கையை விட்டாள்.

தண்ணீர் சில்லென்றிருந்தது. பஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது.

அழுத்திப் பிடித்தாள். அது மெல்ல உப்பியது. பிறகு தளர்ந்தது.

கையை உதறிக்கொண்டு வந்து கதவை இழுத்தாள். திறக்கவில்லை. ஈரத்தில் ஊதிய பலகை சட்டத்தோடு இறுகிவிட்டது. சுவரில் கால் ஊன்றி இழுத்தாள். பிடி வழுக்கியது. ஜன்னலில் கம்பி. கத்தினால் மழைதான் கேட்கும்.

மின்சாரம் போயிற்று. மோட்டாரின் ரீங்காரம் நின்றது.

குமிழிகள் நிற்கவில்லை.

பஞ்சிலிருந்து கிளம்பின. கொஞ்சம் வரும். ஓயும். மறுபடி வரும். அவளும் அதே அளவில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பயத்தில் அவளுக்கு வேகமாக இரைத்தது. குமிழிகளும் வேகமாக வந்தன.

மேசைமேல் குப்பி. ஜன்னல் வெளிச்சத்தில் மஞ்சள். சுத்த மஞ்சள்.

தயார்.

வாசல் கதவு திறக்கும் சத்தம். கணவன் செருப்பைக் கழற்றியபடி எதையோ சொன்னான். சின்னக் கால்கள் கூடத்தைத் தாண்டி ஓடி வந்தன.

“அம்மா, தண்ணி ரெடியா? நானே விடறேன்மா.”

“உள்ள வராத குட்டி. அப்பாகிட்ட போ.”

குரல் எழும்பவில்லை. அவ்வளவு நேரம் இழுத்த கதவில் இப்போது முதுகைக் கொடுத்துக் கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். வராதே என் தங்கமே. வராதே.

ஆறு வயதுப் பிள்ளை ஒரு கையால்தான் தள்ளினாள். மறு கையில் மீன் பை.

கதவு நகர்ந்தது. எண்ணெய் போட்டதுபோல, சத்தமே இல்லாமல், அவளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு.

தொட்டியில் குமிழிகள் நின்றன.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது அது.